சத்திரமும் விமானக் கூடமும்

பயணம் என்றதும் நம் நினைவுக்கு வருவன வண்டியும் வழியும் சென்று சேரும் ஊருமே. ஆயினும், பயணத்தில் பாதி காத்திருத்தலே என்பதை வழி நடந்தவர்கள் நன்கு அறிவார்கள். ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருந்தோம். துறையில் ஓடத்திற்குக் காத்திருந்தோம். பின்னர் ரயிலுக்கும் கப்பலுக்கும் காத்திருந்தோம். இன்று விமானத்திற்குக் காத்திருக்கிறோம். காத்திருப்பவனை ஒரு சமுதாயம் எங்கே உட்கார வைக்கிறது, அவனுக்கு உண்ண என்ன கொடுக்கிறது, அவனிடம் எதைக் கேட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறது என்பவற்றைக் கொண்டே அந்தச் சமுதாயத்தின் மனத்தை ஒருவாறு அளந்துவிடலாம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, பெங்களூரு விமான நிலையத்தில் உள்ள ஒரு கூடத்திலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம்.

பெங்களூரு நகருக்கு வடக்கே, திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியின் அருகே, கெம்பேகவுடர் சர்வதேச விமான நிலையம் அமைந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் முதல் இங்கே விமானங்கள் வந்து போகின்றன. நகரை 1537-இல் அமைத்த கெம்பேகவுடரின் பெயர் 2013-இல் இதற்குச் சூட்டப்பட்டது. இதன் இரண்டாம் முனையம் 2022 நவம்பர் 11-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது. 2023 செப்டம்பர் 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் யாவும் அங்கிருந்தே புறப்படுகின்றன. தூண்களையும் விதானத்தையும் மூங்கிலால் போர்த்தி, கூரையிலிருந்து கொடிகளைத் தொங்கவிட்டு, கட்டடத்தின் நடுவே மரங்களை வளர்த்து, பூங்கா நகரத்திற்கு ஏற்ற பூங்கா முனையமாக அதை அமைத்திருக்கிறார்கள்.

அயல்நாடு செல்லும் பயணி புறப்படும் நேரத்திற்கு மூன்று மணி முன்னதாக இங்கே வந்து சேர்கிறான். பெட்டியை ஒப்படைத்து, குடிவரவு அதிகாரியிடம் கடவுச்சீட்டைக் காட்டி, காலணியும் இடைவாரும் கழற்றிச் சோதனைக்கு நின்று, அனைத்தும் முடிந்த பின் பார்த்தால், கையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மீதி இருக்கும். இந்த ஒன்றரை மணி நேரத்திற்காகவே ஒரு தனி உலகம் அங்கே படைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'லவுஞ்ச்' என்று வழங்கும் அதனை ஓய்வுக்கூடம் என்று நாம் சொல்லலாம். பெங்களூருவின் ஓய்வுக்கூடத்திற்கு, நகரின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணாகிய 080 என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் நமக்குப் புலப்படுவது அமைதி. வெளியே இருந்த அறிவிப்புக் குரல்களும், சக்கரப் பெட்டிகளின் ஓசையும், குழந்தைகளின் அழுகையும் கதவோடு நின்றுவிடுகின்றன. சாய்ந்துகொள்ள மெத்தென்ற நாற்காலி. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற அருகிலேயே ஒரு துளை. நீண்ட மேசையில் ஆவி பறக்கும் உணவு வகைகள். கேட்ட பொழுதெல்லாம் காப்பி. நெடுந்தூரம் பறக்க இருப்பவர் குளித்து உடை மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. நள்ளிரவு கடந்த வேளையில் விமானம் ஏறவேண்டிய ஒருவருக்கு இவை எத்துணை ஆறுதல் அளிப்பவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் இக்கூடத்தில் நாம் உற்று நோக்க வேண்டியது நாற்காலியையும் அன்று, உணவையும் அன்று; வாயிலைத்தான். அங்கே நிற்கும் அலுவலர் புன்முறுவலோடு வரவேற்கிறார். ஆனால், 'எங்கிருந்து வருகிறீர்கள், உண்டீர்களா, களைத்திருக்கிறீர்களா' என்று அவர் கேட்பதில்லை. உயர்ந்த வகுப்புச் சீட்டு இருக்கிறதா, அடிக்கடி பறப்பவர் என்பதற்கு விமானக் கம்பெனி கொடுத்த தகுதி இருக்கிறதா, வங்கி வழங்கிய இன்ன வகை அட்டை இருக்கிறதா என்றே பார்க்கிறார். இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் பணம் செலுத்தி நுழையலாம். அதுவும் இயலாதென்றால் வெளியே பொது இருக்கைகள் இருக்கின்றன. இந்த வாயிலின் வரலாறே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வழிப்போக்கருக்கு இடம் அமைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. 'விருந்து' என்ற சொல்லுக்கே புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவனே விருந்தினன். அறிமுகமானவனை உபசரிப்பது உறவு. அறியாதவனை உபசரிப்பதே விருந்தோம்பல். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வந்த கலைஞன் எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு இன்ன வழியே சென்றால் இன்னாரிடம் உதவி பெறலாம் என்று காட்டுவதாக அமைந்தவை அவற்றுட் பெரும்பாலன. வழியில் எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்பது வரை அவை பேசுகின்றன.

ஊர்தோறும் அம்பலமும் சாவடியும் இருந்தன. வீடுதோறும் திண்ணை இருந்தது. வீட்டுக்காரர் உறங்கிய பின்னும் வழிப்போக்கன் வந்து தலைசாய்க்கலாம். யாரையும் எழுப்பி அனுமதி கேட்க வேண்டுவதில்லை. கோடையில் தண்ணீர்ப்பந்தல்கள் எழுந்தன. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ளும்படி, தோள் உயரத்தில் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையை எண்ணி, பிறர் சுமையை இறக்க வழி செய்த அந்த உள்ளத்தின் கனிவை என்னென்பது!

இவ்வறங்களில் மிகப் பெரியது சத்திரம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரம் அந்நகர ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் சத்திரங்களை எழுப்பினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தது. 1799-இல் நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று; கோட்டையும் பட்டமும் மட்டுமே மன்னருக்கு எஞ்சின. அந்த நிலையில் 1801-ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் குடும்பத்தார் நிறுவிய சத்திரங்களின் தருமம் தடைப்படலாகாது என்பதே அதன் சாரம்.

சத்திரம் எவ்வாறு இயங்கியது என்பதை அக்கடிதம் விரிவாக எடுத்துரைக்கிறது. வந்தவர்க்கெல்லாம் சோறு வழங்கப்பட்டது. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பண்டமும் தரப்பட்டன. குழந்தைகளுக்குப் பால், நோயுற்றவர்க்கு மருத்துவர், கருவுற்று வந்த பெண்ணுக்குப் பேறுகாலப் பராமரிப்பு, இறந்துபோன வழிப்போக்கனுக்கு அவனவன் வழக்கப்படி இறுதிச் சடங்கு, பெற்றோரை இழந்த பிள்ளைக்கு உணவும் கல்வியும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று அழைப்பார்களாம். நாட்டை இழந்த மன்னர் ஒருவர், அந்த மணி நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார் என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

எனினும், பழமையைப் போற்றுங்கால் உண்மையை மறைத்தல் ஆகாது. சத்திரங்கள் எல்லாம் எல்லோருக்கும் ஒரே வகையாகத் திறந்திருக்கவில்லை. சில ஒரு சாதியாருக்கென்றே ஏற்பட்டவை. பொதுவாக விளங்கியவற்றிலும் பந்தியும் இடமும் வேறு வேறாக இருந்தன. சோறு மறுக்கப்படாத இடத்திலும் திண்ணை மறுக்கப்பட்டவர் உண்டு. அன்றைய வாயிலில் கேட்கப்பட்ட கேள்வி, 'நீ எந்தச் சாதி?' என்பது.

இந்நிலையில் ரயில் வந்தது. 1864 ஆகஸ்டு மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு தண்டு ரயில் நிலையத்திற்குப் பாதை திறக்கப்பட்டது. சென்னையையும் பெங்களூருவையும் இணைத்த அந்த இருப்புப்பாதையின் வழியே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வந்து தண்டுப் பகுதியிலும் அல்சூரிலும் குடியேறின. ரயில் சாதி கேட்கவில்லை, சீட்டைக் கேட்டது. அது ஒரு பெரும் புரட்சி. ஆனால் அதனுடன் வகுப்பு என்ற புதிய வேலி வந்து சேர்ந்தது. முதல் வகுப்பாருக்குச் சாய்வு நாற்காலியும் விசிறியும் உள்ள அறை. மூன்றாம் வகுப்பாருக்கு நடைமேடையின் தரை. பயணிகளால் ரயில்வேக்குக் கிடைத்த வருமானத்தின் பெரும்பகுதியைத் தந்தவர்களோ அந்த மூன்றாம் வகுப்பினர். காந்தியடிகள் தாமே மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அதன் அவலங்களை 1917-இல் ஒரு சிறு வெளியீடாக எழுதினார். அழுக்கும் நெரிசலும் பயணியின் ஊழ்வினை அல்ல, நிருவாகத்தின் பிழை என்று உலகறியச் செய்தது அது.

பழைய வேலியும் உடனே ஒழிந்துவிடவில்லை. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றையோருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இடையறாது கிளர்ச்சி செய்ததன் பயனாக 1941-இல் அப்பிரிவினை நீக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் மறைவதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரயில் நிலையத்தின் தரையில் கிடந்த மக்களைக் கண்டு மனம் இரங்கியவர்களும் இருந்தார்கள். பெங்களூரு நகர ரயில் நிலையத்திற்கு எதிரே இன்றும் ஒரு சத்திரம் இருக்கிறது. குப்பி என்ற ஊரைச் சேர்ந்த வணிகர் தோட்டதப்பா அவர்கள் 1897-இல் நிலம் வாங்கிக் கட்டத் தொடங்கியது அது. 1903-இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரால் திறந்துவைக்கப்பட்டது. ஈட்டிய செல்வத்தைப் பயணிகளின் தங்கலுக்கும் மாணவர்களின் படிப்புக்கும் அவர் எழுதிவைத்தார். மகாராஜா அவருக்கு 'தர்மப்பிரவர்த்தர்' என்ற பட்டம் அளித்துச் சிறப்பித்தார். தேவனஹள்ளியின் ஓய்வுக்கூடத்தை நினைக்கும் நாம், அதே நகரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்த இந்த ஓய்வுக்கூடத்தையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இனிக் கடல் கடந்து சென்ற தமிழர் எங்கே காத்திருந்தனர் என்று பார்ப்போம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர், இராமேசுவரத் தீவுக்கு இப்பாலுள்ள மண்டபத்தில் தடுத்து நிறுத்தப்பட்டனர். இலங்கை அரசாங்கம் அங்கே ஒரு தொற்றுத்தடுப்பு முகாம் நடத்தியது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் அங்கே சில நாட்கள் அடைபட்டிருந்து, அம்மை குத்திக்கொண்டு, உடைகளை வேகவைத்துத் தூய்மை செய்துகொண்டு, நோயில்லை என்று சான்று பெற்ற பின்னரே கப்பலேறினர். அயல்நாட்டுப் பயணத்திற்கு முன் தமிழர்க்கு வாய்த்த 'காத்திருப்புக் கூடம்' அதுதான்! அங்கே வாயிலில் கேட்கப்பட்ட கேள்வி, 'உன் உடம்பில் நோய் உண்டா?' என்பது. ஒருவன் மனிதன் என்பதைவிட அவன் உடல் உழைக்கத் தகுந்ததா என்பதே அங்கு முதன்மை பெற்றது.

மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பலை முதியோர் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அறை பெற்றவர் சிலர். மேல்தட்டில் பாய் விரித்துக் கிடந்தவர் ஆயிரக்கணக்கானோர். 1973 வரை அக்கப்பல் தமிழரைச் சுமந்தது. மண்டபம் முகாமின் கதையோ அவ்வளவில் முடியவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, அங்கிருந்து சென்ற கப்பல் வழியும் நின்றது. பின்னர் இலங்கையில் போர் மூண்டபோது, அங்கிருந்து உயிர் தப்பி வந்த தமிழருக்கு அதே மண்டபம் புகலிடமாயிற்று. போகும் வழியில் முன்னோர் காத்திருந்த இடத்திலேயே, திரும்பி வந்த வழித்தோன்றல்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு 2021-இல் மாற்றியது.

ஆகாயப் பயணத்திற்கு வருவோம். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் பெல்லாரியில் தங்கி மறுநாள் சென்னை சேர்ந்தார். அவ்விமானத்தில் கடிதங்களே பிரயாணிகள். எனவே காத்திருப்போர் கூடம் தேவைப்படவில்லை. பெங்களூருவில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு விமானத் தொழிற்சாலையை நிறுவினார். அதன் ஓடுதளமே பின்னர் நகரின் விமான நிலையமாகப் பணியாற்றி, 2008-இல் தேவனஹள்ளிக்கு இடம்விட்டது. அந்தப் பழைய விமான நிலையச் சாலையில்தான் தொம்மலூர் இருக்கிறது. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரும் இருந்தது. தேசம் சுற்றிய வணிகரை நினைவூட்டும் பெயர் அது. விமானங்கள் வந்திறங்குவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது பயணிகளின் ஊர்!

விமான ஓய்வுக்கூடம் என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1939-இல் நியூயார்க்கின் லா கார்டியா விமான நிலையம் திறக்கப்பட்டபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி அங்கே 'அட்மிரல்ஸ் கிளப்' என்ற கூடத்தை அமைத்தது. தலைவர் சி. ஆர். ஸ்மித் அழைத்த பிரமுகர்களே அதில் இடம்பெற்றனர். வேண்டியவர்க்கு மட்டும் கதவு திறப்பது பின்னாளில் கண்டனத்துக்கு உள்ளாகவே, கட்டணம் செலுத்துவோர் உறுப்பினராகும் முறை வந்தது. 1992-இல் 'பிரயாரிட்டி பாஸ்' என்ற நிறுவனம் தோன்றி, எந்த விமானத்தில் பறந்தாலும் ஒரே அட்டையைக் காட்டிப் பல ஊர்க் கூடங்களில் நுழையும் வழியை ஏற்படுத்தியது. பின்னர் வங்கிகள் இதனைப் பற்றிக்கொண்டன. அட்டைதாரர் இலவசமாக உண்பது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு வருகைக்கும் வங்கி கூடத்திற்குப் பணம் செலுத்துகிறது. கூட்டம் பெருகி, ஓய்வுக்கூடத்தின் வாயிலிலேயே வரிசையில் நிற்கும் விந்தையும் நேர்ந்தது. ஆகவே இத்தனை ரூபாய் செலவு செய்தால்தான் அனுமதி என்று நம் நாட்டு வங்கிகள் பலவும் விதி வகுத்துவிட்டன. உழைத்துக் களைத்தவனுக்கு ஓய்வு என்பது போய், செலவழித்தவனுக்கே ஓய்வு என்றாயிற்று.

இக்கூடங்கள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் என்ன? விமானம் வேகமாயிற்று, ஆனால் நிலையத்தில் காத்திருக்கும் நேரம் நீண்டது. விமானக் கடத்தல்களே அதற்கு முதற் காரணம். அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1971-இல் 'கங்கா' என்ற விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1999 டிசம்பரில் காந்தகாருக்கு ஒரு விமானம் கொண்டுபோகப்பட்ட பின், 2000-ஆம் ஆண்டு முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் விமான நிலையங்களின் காவலை ஒவ்வொன்றாக ஏற்றனர். காவல் இறுகவே பயணி முன்கூட்டியே வர வேண்டியதாயிற்று. அச்சத்தால் விளைந்த நேரத்தை வணிகம் ஆதாயமாக மாற்றிக்கொண்டது.

இதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. பணம் கொடுத்தவர் வசதி பெறுவது உலக வழக்கு. ஒரு வகையில் இந்த வாயில் பழைய வாயில்களைவிட நல்லதே. சாதியையும் நிறத்தையும் கேட்பதில்லை. நடைமேடைத் தரையில் படுத்திருந்தவரின் பேரன் இன்று அயல்நாட்டு வேலைக்குச் செல்கையில் இங்கே சாய்ந்து அமர்ந்து காப்பி அருந்துகிறான் என்றால், அதில் நாம் மகிழ வேண்டும். ஆனால் அதே முனையத்தில், பொது இருக்கையில், வேறொருவனும் அமர்ந்திருக்கிறான். வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்கோ, கப்பல் பட்டறை வேலைக்கோ முதன்முறையாகப் போகிறவன் அவன். கிருஷ்ணகிரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ இரவோடிரவாகப் பேருந்தில் வந்தவனாகவும் இருக்கலாம். வெளியே விற்கும் ஒரு காப்பியின் விலையைக் கேட்டுவிட்டு, வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அவிழ்க்கிறான். ஓய்வு யாருக்கு மிகுதியாகத் தேவை என்று கேட்டால், விடை எளிது.

இக்குறையை உணர்ந்த முயற்சி ஒன்று அண்மையில் தொடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கபே' என்ற சிற்றுண்டிச்சாலையை அரசு திறந்தது. தேநீர் பத்து ரூபாய், தண்ணீர் பத்து ரூபாய் என்ற விலையில் அங்கே விற்கத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் சென்னையிலும் அத்தகைய கடை திறக்கப்பட்டது. சரபோஜியின் நள்ளிரவு மணிக்கு இது ஈடாகாது. ஆயினும், காத்திருப்பவர் எல்லோரும் நம் விருந்தினரே என்ற நினைவு முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்த நம் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் எங்கோ ஒரு காத்திருப்பு உண்டு. பாட்டனார் ஏதோ ஒரு சத்திரத்தில் ஓரிரவு தங்கியிருப்பார். தந்தையார் தண்டு ரயில் நிலையத்தில் தகரப் பெட்டியின் மேல் அமர்ந்து விடியலுக்குக் காத்திருந்திருப்பார். அறியாத ஊரில் யாரோ காட்டிய திண்ணையில்தான் நம் புதிய வாழ்வு தொடங்கியது. சாதி என்ன, வகுப்பு என்ன, நோய் உண்டா, அட்டை உண்டா என்று வாயில்தோறும் கேள்வி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'உண்டீர்களா?' என்ற ஒரு கேள்வி மட்டும் இவை எல்லாவற்றிற்கும் மூத்தது. ஓய்வுக்கூடத்தில் அமரும் பேறு பெற்றவர் மகிழ்ச்சியோடு அமரட்டும். வெளியே வருகையில், பொது இருக்கையில் வழி தெரியாது திகைத்திருக்கும் முதற்பயணிக்கு எந்த வாயிலில் விமானம் ஏற வேண்டும் என்று காட்டட்டும். படிவத்தை நிரப்பத் துணை செய்யட்டும். ஆற்றுப்படுத்துதல் என்று நம் முன்னோர் சொன்னது அதைத்தான். அதற்கு எந்த அட்டையும் வேண்டுவதில்லை.